"நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மதுரை?" ஒரு போட் டிரைவரின் மூச்சு மிஷினும் மூன்றரை ஆண்டுகளும்

ராமேஸ்வரம் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். தூக்க மருத்துவம் தனியாகப் படித்தவள் இல்லை. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், திருக்கை முள் குத்தி வீங்கிய கால், இவைதான் என் அன்றாடம். ஆனால் கடந்த சில வருடங்களாகத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய்க்காக மிஷின் வாங்கியவர்கள் இந்தக் கரையோரத்தில் கூடிக்கொண்டே வருகிறார்கள். மிஷினை எழுதிக் கொடுப்பது மதுரை. அதோடு வாழ்வது இங்கே. அதனால் கேள்விகள் எல்லாம் என் மேஜைக்கு வருகின்றன. அதில் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: மிஷின் நன்றாக வேலை செய்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன், அப்புறமும் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போய்க்கொண்டே இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் அழுத்திக் கேட்டவர் ராமேஸ்வரம் தீவைச் சேர்ந்த ஒரு விசைப்படகு டிரைவர். அவருடைய கதையை முழுதாக எழுதுகிறேன். அவரும் அவர் மனைவியும் வாசித்துப் பார்த்துச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். என் பக்கத்தில் நடந்த தவறை விடவில்லை.

முதலில் வந்தபோது

2021 அக்டோபர். அவருக்கு அப்போது 52 வயது. எடை 96 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், கழுத்துச் சுற்றளவு 43 சென்டிமீட்டர். இரண்டு வகை பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. குறட்டைக்காக அவர் வரவில்லை. இருபது வருடக் குறட்டையை வீட்டில் யாரும் நோயாக எண்ணியதே இல்லை. போட்டில் கூட வேலை பார்க்கும் பையன் ஒருவன் அவர் மனைவியிடம் வந்து, "அத்தை, மாமா வீலைப் பிடிச்சபடியே தூங்குறாரு" என்று சொன்ன பிறகுதான் அந்த அக்கா அவரை இழுத்துக்கொண்டு வந்தார். வடகடலில் இலங்கை எல்லை வெகு தூரத்தில் இல்லை. இரவில் டிரைவர் கால் மணி நேரம் கண்ணசந்தால் படகு எங்கே போய் நிற்கும் என்று தீவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் என்றொரு கேள்வித்தாள் உண்டு. எட்டுக் கேள்வி, மொத்தம் 24 மதிப்பெண். 10-க்கு மேலே போனால் தூக்கம் அளவுக்கு மீறியது. அதில் ஒரு கேள்வி, போக்குவரத்து நெரிசலில் கார் நிற்கும்போது தூங்கிவிடுவீர்களா என்பது. அவரிடம் கார் ஏது? ஐஸ் ஏற்றுகிற வரிசையில் போட் நிற்கும்போது என்று மாற்றிக் கேட்டேன். "அதுல என்ன சந்தேகம்" என்றார். 17 வந்தது.

மதுரையில் ஓர் இரவு படுக்கவைத்துத் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 46 முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது. இதைத்தான் ஏ.எச்.ஐ. என்கிறார்கள். 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐத் தாண்டினால் கடுமை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 71 சதவீதம் வரை இறங்கியிருந்தது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. மூச்சு முட்டியதும் மூளை உலுக்கி எழுப்புகிறது. அவருக்கே தெரியாமல் இரவு முழுக்க இந்த இழுபறி. விடிந்ததும் தூங்கியே இருக்காத ஆள் மாதிரி எழுகிறார்.

இதற்கு வைத்தியம் சிபாப் மிஷின். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதலில் செய்து காட்டியது. மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. 2021 டிசம்பரில் வாங்கினார்கள். 52,000 ரூபாய், அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனது. ஒரே வாரத்தில் ஆள் மாறிப்போனார். இரண்டாம் மாதம் எப்வொர்த் 5, ரத்த அழுத்தம் 130/84. மிஷினோடு தூங்கும்போது ஏ.எச்.ஐ. 2-க்கும் 3-க்கும் நடுவில்.

ஆறு மதுரைப் பயணங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். அவர் தவறாமல் போனார். 2022 ஜனவரியிலிருந்து 2023 மார்ச் வரை ஆறு முறை.

முதல் இரண்டு பயணங்கள் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். ஜனவரியில் போனபோது மாஸ்க்கிலிருந்து காற்று ஒழுகுவதைக் கண்டுபிடித்தார்கள். அவர் மீசை அடர்த்தியானது. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு மேலுதட்டில் ஒட்டாமல் மீசை மேல் உட்கார்ந்திருந்தது. மீசையை எடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னதும், மூக்குத் துவாரத்தோடு நிற்கிற சின்ன மாஸ்க்கை மாற்றிக் கொடுத்தார்கள். மார்ச்சில் அழுத்தத்தின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் அவருக்கு ஏற்றபடி சரி செய்யப்பட்டன. மிஷினைப் பிடித்துக்கொள்வதா, கட்டிலுக்கு அடியில் தள்ளுவதா என்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்பெஷலிஸ்ட் வேண்டும், பக்கத்திலேயே வேண்டும்.

அதன் பிறகு நடந்த நாலு பயணங்களைப் பற்றித்தான் பேச்சு. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். விடியற்காலை பஸ் ஏறினால் ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருந்து, ஐந்து நிமிடம் பார்த்து, இரவு வீடு திரும்ப வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திய பிறகு தீவிலிருந்து ரயிலும் கிடையாது. பணத்தை விடப் பெரியது டோக்கன், அதாவது படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கும் அனுமதிச் சீட்டு. இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மதுரை நாள் டோக்கன் நாளில் விழுந்தால் அந்த வார வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அவருக்கு மட்டும் இல்லை, டிரைவர் இல்லாவிட்டால் அந்தப் போட்டில் போகும் மற்றவர்களுக்கும்தான்.

அந்த நாலில் மூன்று முறை அவர் சீட்டில் எழுதியிருந்தது ஒரே வரி: நன்றாக உள்ளது, தொடரவும்.

ஒரே ஒரு முறை வேறு மாதிரி நடந்தது. 2022 செப்டம்பரில் அவரைத் திட்டி அனுப்பினார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்ல நான் விரும்பவில்லை, ஏனென்றால் அது எங்கேயும் நடக்கக்கூடியது. மிஷினை ஒழுங்காகப் போடுகிறார் என்பதற்குப் பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நூற்றுக்கு எழுபது நாளாவது நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருக்க வேண்டும். அவருடைய ரிப்போர்ட்டில் 57 சதவீதம். "இவ்வளவு காசு கொடுத்து வாங்கிட்டுப் போடாம வச்சிருக்கீங்களா" என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் நொந்துபோய் வந்தார். "தெனம் போடுறேன் டாக்டரம்மா. மிஷினு பொய் சொல்லுது."

மிஷின் பொய் சொல்லவில்லை. மிஷின் தன் கணக்கைப் பதிந்து வைக்கும் மெமரி கார்டை வாங்கி என் லேப்டாப்பில் போட்டு நாள் நாளாகப் பார்த்தேன். ஆஸ்கார் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, கார்டில் உள்ளதை விரிவாகக் காட்டும். பல மிஷின்கள் ஒரு நாளை மதியம் பன்னிரண்டிலிருந்து மறுநாள் மதியம் பன்னிரண்டு வரை என்று கணக்கு வைக்கின்றன. இரவில் தூங்குகிறவர்களுக்கு அது சரி. இவர் திங்கள், புதன், சனி கடலில் இருப்பார். மறுநாள் காலை கரை திரும்பி, மீனை இறக்கிக் கொடுத்து, ஒன்பது மணிக்கு வீட்டில் படுத்து இரண்டு மணிக்கு எழுவார். அந்த ஐந்து மணி நேரத் தூக்கத்தை மிஷின் உச்சிப்பொழுதில் இரண்டாக வெட்டி, மூன்று மணியை முந்தைய நாளுக்கும் இரண்டு மணியை அடுத்த நாளுக்கும் எழுதிவிடுகிறது. அடுத்த நாளில் அன்றைய இரவுத் தூக்கமும் சேர்ந்து எட்டு மணி காட்டும். முந்தைய நாள் மூன்று மணியோடு நிற்கும். வாரத்தில் மூன்று நாள் இப்படி. ஏழில் நாலு நாள் தேறினால் 57 சதவீதம் தானே வரும். வார மொத்தத்தைக் கூட்டினால் 39 மணி நேரம், நாளுக்குச் சராசரி ஐந்தரைக்கு மேல். வீட்டில் கண்ணை மூடிய ஒவ்வொரு முறையும் மாஸ்க் போட்டிருந்தார் அந்த மனிதர்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மதுரையில் இருப்பவர் என்னைவிடப் பல மடங்கு படித்தவர். ஆனால் டோக்கன் நாள் எது, போட் எப்போது கரை வரும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ரிப்போர்ட்டை வாசிக்க நோயைத் தெரிந்திருப்பது ஒரு பாதி. அந்த ஆளின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்திருப்பது இன்னொரு பாதி.

ஏற்பாடு

2023 மார்ச்சில் மதுரைக்குப் போய்விட்டு வந்து என்னிடம் நேராகவே கேட்டார். "மிஷின போட்டாத்தான் தூக்கமே வருது. நல்லாத்தானே இருக்கேன். இன்னும் எதுக்கு டாக்டரம்மா மதுரைக்கு அலையணும்?"

சும்மா தலையாட்டி அனுப்ப மனம் வரவில்லை. படித்துப் பார்த்தேன். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, மிஷின் நிலைப்பட்ட பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தேவை வரும்போதும் பார்த்தால் போதும் என்றுதான் இருக்கிறது. பார்ப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறதே தவிர, ஸ்பெஷலிஸ்டேதான் என்று சொல்லவில்லை. அதே அகாடமி 2021-ல் இன்னொன்றைச் சொன்னது: மிஷின் போட்டு எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு வழக்கமாகத் தூக்கப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 155 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பயிற்சி பெற்ற பொது மருத்துவர்களும் செவிலியர்களும், மறு பாதியைத் தூக்க மருத்துவ மையமும் கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பகல் தூக்கம் குறைந்த அளவில் பொது மருத்துவர்கள் பக்கம் சளைக்கவில்லை. 2013-ல் வெளிவந்த ஆய்வு அது.

மதுரை ஸ்பெஷலிஸ்டுக்குப் போன் செய்தேன். அவர் தன்மையான மனிதர். "நீங்க கார்டைப் பார்க்க முடியும்னா எனக்கு நிம்மதி. ஏதாவது மாறினா படம் எடுத்து அனுப்புங்க" என்றார். 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கு நம் நாட்டில் வழிகாட்டி வந்துவிட்ட பிறகு இப்படிப் பேசிக்கொள்ள யாரும் தயங்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டோடு என்னிடம், அதில் ஒரு முறை மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14-க்குள். யாருக்கும் டோக்கன் போகாது. இதுதான் நாங்கள் பேசி வைத்தது.

முதல் சில மாதங்கள் நான் செய்ததெல்லாம் மிஷினுக்கான வைத்தியம்தான், ஆனால் அது சின்ன வேலை இல்லை. கடற்கரை வீட்டில் மிஷின் படும் பாடு தனி. அவர் கொண்டுவந்த பில்டரைப் பிரித்தேன். வெள்ளையாக இருக்க வேண்டியது ஈரம் கோத்துச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஈரப்பதத்துக்காகத் தண்ணீர் ஊற்றும் தொட்டியின் அடியில் நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வரும் வெள்ளைப் படிவு, போர்த் தண்ணீர் ஊற்றியதால் வந்தது. பிளக்கின் பித்தளைக் கால் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. மாஸ்க்கின் விளிம்பு வியர்வையில் கெட்டிப்பட்டு ஒரு பக்கம் மடங்கியிருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி ஊற்றச் சொன்னேன், கிடைக்காத நாளில் தொட்டியைக் காலியாக விட்டே போடச் சொன்னேன். பில்டரை மாதம் ஒன்று மாற்றினார்கள். ஒழுகல் நின்றது. இதற்கெல்லாம் எதற்கு 170 கிலோமீட்டர்?

2023 அக்டோபரில் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

ஜூன்: நான் கவனிக்காதது

2024 ஜூன் முதல் வாரம், தடைக்காலம் முடியப்போகும் நேரம். இருவரும் வந்தார்கள். கார்டைப் போட்டேன். ஏ.எச்.ஐ. 3. ஒழுகல் இல்லை. தடைக்காலத்தில் இரவுத் தூக்கம் என்பதால் சராசரி ஏழு மணி நேரம். ஆட்டோமேட்டிக் பிரஷர் மிஷின் 138/86 காட்டியது. எனக்கு அன்றைக்கு உள்ளபடியே சந்தோஷம்.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "சாப்ட்டு உக்காந்தா அப்படியே சாயுறாரு டாக்டரம்மா. பழைய மாதிரி."

அவர் உடனே மறுத்தார். வேலை இல்லை, வெயில், மத்தியானம் கண்ணைச் சுழற்றத்தானே செய்யும் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. திரையில் 3 என்ற எண் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. எப்வொர்த் கேள்விகளைக் கேட்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினேன்.

இந்த மிஷினுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நான் மறந்த நாள் அது. மாஸ்க் வழியாகப் போய்வரும் காற்றை மட்டுமே அது அளக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியும், அதில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் தெரியாது. இதயம் எப்படித் துடிக்கிறது என்று தெரியாது. ஏ.எச்.ஐ. 3 என்றால் தொண்டை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். மிஷின் சரியாக ஓடியும் பகல் தூக்கம் திரும்பி வந்தால், காரணம் மிஷினுக்கு வெளியே இருக்கலாம்: தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை, இதயம். அதைத் தேடும் வேலை அன்றைக்கே என்னுடையது.

செப்டம்பர்

மூன்று மாதம் கழித்து அவர்களே வந்தார்கள். மணலில் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றார். கச்சான் காற்றுக் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன், பள்ளம் அப்படியே நின்றது. இந்த முறை நாடியைப் பிடித்தேன். ஒன்றுக்கொன்று பொருந்தாத துடிப்பு, நிமிடத்துக்கு 130 பக்கம். கிளினிக்கிலேயே ஈ.சி.ஜி. எடுத்தேன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் பிப்ரிலேஷன்.

அக்கா பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் தன்னார்வலப் பெண் ஜூலையில் எழுதிக் கொடுத்தது. ஒரு கையில் 152, இன்னொரு கையில் 118, மூன்றாம் முறை மிஷின் எரர். "மிஷின் ரிப்பேர் போல, டாக்டரம்மாகிட்ட காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார் அந்தப் பெண். துடிப்பு ஒழுங்கில்லாவிட்டால் பிரஷர் மிஷின் இப்படித்தான் தடுமாறும். முதல் தடயத்தை எழுதி வைத்தவர் அவர்தான். சீட்டு இரண்டு மாதம் பீரோவில் கிடந்தது. அடுத்த செக்கப் டிசம்பர் என்று நான் தேதி கொடுத்திருந்தேனே.

கார்டைப் போட்டேன். ஜூலையில் 3, ஆகஸ்ட் பாதியில் 5, கடைசியில் 9, செப்டம்பரில் 13. மொத்த எண்ணுக்கு அடியில் போனால், 13-ல் 10, மூச்சுப்பாதை திறந்திருக்கும்போதே வந்த நிறுத்தங்கள். தொண்டை அடைக்கவில்லை. மூச்சு விடு என்று மூளை சொல்வதே விட்டுவிட்டு வருகிறது. இரவு வரைபடத்தை விரித்தால், கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளங்களை வரிசையாகப் பார்ப்பது போல் இருந்தது: மூச்சு மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், மெல்ல இறங்கி, ஒரு வெறுமை, மறுபடி ஒரு மேடு. இதயம் பலவீனப்படும்போது மூச்சு இப்படி ஓடும்.

இதற்கு முந்தின வாரம் மிஷின் விற்ற கடைக்குப் போன் செய்திருக்கிறார்கள். மிஷினின் காற்றழுத்தத்தை இரண்டு கூட்டினால் சரியாகிவிடும் என்று பதில் வந்திருக்கிறது. நல்ல வேளை, கூட்டத் தெரியாததால் கூட்டவில்லை. தொண்டை அடைப்புக்கு அது வைத்தியம். இந்த வகை நிறுத்தத்தை அழுத்தம் கூட்டினால் அதிகமாக்கவும் செய்யலாம்.

வரைபடங்களைப் படம் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார். "மிஷினைத் தொடாதீங்க. முதல்ல எக்கோ." ராமநாதபுரத்தில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளும் ரத்தம் 38 சதவீதம். 55-க்குப் பக்கத்திலோ அதற்கு மேலேயோ இருக்க வேண்டியது. மறுநாள் மதுரையில் இதய மருத்துவரும் தூக்க மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

ஸ்பெஷலிஸ்ட் என்பவர் எதற்கு வேண்டும் என்பது எனக்கு அன்று தெளிவாகத் தெரிந்தது. மூளை சார்ந்த மூச்சு நிறுத்தத்துக்கென்றே ஏ.எஸ்.வி. என்ற இன்னொரு மிஷின் உண்டு, பல மடங்கு விலை. புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் நான் அதைத்தான் யோசித்திருப்பேன். ஆனால் 2015-ல் வெளிவந்த செர்வ்-எச்எப் என்ற ஆய்வில், இதயத் தள்ளுதிறன் 45-க்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த மிஷினைப் போட்டபோது இதய நோயால் இறந்தவர்கள் கூடினார்கள். பிறகு புதிய வகை மிஷினை வைத்து நடந்த ஆய்வில் அந்தக் கெடுதல் தெரியவில்லை. என்றாலும் 38 சதவீதத்தில் இருக்கிறவருக்கு அவசரப்பட்டு மாற்றக் கூடாது என்பது தூக்க மருத்துவரின் முடிவு. சிபாப் அதே அளவில் தொடரட்டும், இதயத்தைச் சரி செய்வோம் என்றார். நாடித் துடிப்பைக் குறைக்க மருந்து, நீர் இறங்க மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. கடலுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார்கள். வீலை மைத்துனர் பிடித்தார்.

2025 பிப்ரவரியில் தள்ளுதிறன் 50-க்கு வந்தது. வேகமாகத் துடித்துத் துடித்தே இதயம் களைத்துப்போயிருந்தது என்பது அப்போது உறுதியானது. ஏ.எச்.ஐ. 4. எப்வொர்த் 6. மிஷினில் ஓர் அமைப்பையும் மாற்றாமல் வந்த மாற்றம்.

சரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போயிருந்தால்?

இந்தக் கேள்வியை நான் தவிர்க்க முடியாது. நான்தான் போக வேண்டாம் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய வரிசைப்படி அவர் 2024 ஜூனிலும் செப்டம்பரிலும் மதுரையில் இருந்திருப்பார். ஜூனில் கார்டு அங்கேயும் 3 என்றுதான் காட்டியிருக்கும். செப்டம்பரில் எப்படியும் பிடிபட்டிருக்கும், பிடிபட்டது. ஆக, அந்த அட்டவணை அவருக்கு நாள் எதையும் மிச்சப்படுத்தியிருக்காது. ஆனால் அவர் இழந்த வாரங்கள் நிஜம். அவை அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கும் நான் நாடியைப் பிடித்த நாளுக்கும் நடுவில் போயின.

அதனால் என் நிலை மாறவில்லை, ஆனால் கூர்மையாகியிருக்கிறது. மிஷின் நன்றாக வேலை செய்கிறவருக்கு ஸ்பெஷலிஸ்டை அட்டவணை போட்டுப் பார்ப்பது தேவையில்லை. யாராவது ஒருவர் ஆளையும் கார்டையும் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒழுங்காகப் பார்ப்பது தேவை. எண் மட்டும் பார்ப்பதற்குப் பெயர் பார்ப்பது இல்லை. அப்புறம், எது நடந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது என்பது நோயாளி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2023-ல் நான் செய்யாமல் விட்டது இதைத்தான். தேதி கொடுத்தேன், எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். பகல் தூக்கமோ குறட்டையோ திரும்பினால் வாருங்கள். நெஞ்சு படபடத்தால், கால் வீங்கினால், மாரடைப்போ பக்கவாதமோ வந்து மீண்டிருந்தால் உடனே. எடையில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் இறங்கினாலும் சொல்லுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 2000-ல் வெளியான நீண்ட கால ஆய்வில், எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறும் என்றும், அதே அளவு குறைந்தவர்களுக்கு 26 சதவீதம் இறங்கும் என்றும் கணக்கிட்டார்கள். எடை குறைக்கும் ஊசி இப்போது நம் ஊரிலும் கிடைப்பதால் இறங்குவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்றைய அழுத்தம் இன்றைக்கு அதிகமாகிப்போய் வயிற்றில் காற்று நிரம்பித் தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்க மாத்திரையோ கடுமையான வலி மருந்தோ புதிதாக யாராவது எழுதினால், மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யப் போகிறார்கள் என்றால், மிஷின் வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள்.

என் பேச்சு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், உடல் பருமனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறவர்கள், தசை பலவீனம் உள்ளவர்கள், மிஷினோடு ஆக்சிஜனும் போடுகிறவர்கள், இவர்கள் ஸ்பெஷலிஸ்டை விடவே கூடாது, நன்றாக இருந்தாலும். மிஷின் வாங்கி மூன்று மாதம் ஆகாதவர்களும் அப்படித்தான். என் போட் டிரைவரும் இப்போது அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார். இதய மருத்துவரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறார், அதற்கு நானே அனுப்புகிறேன். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர் வலையில் கை வைப்பதே எனக்குப் பயம். முள் கீறினாலும் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேரே வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவிலிருந்தே ரயில் ஏறுகிறார்கள். அது ஒரு பெரிய ஆறுதல். மார்ச்சில் இரண்டு மருத்துவர்களும் சம்மதித்த பிறகு அவர் வீலைத் திரும்பப் பிடித்தார், இரவில் மைத்துனரோடு மாறி மாறி.

2025 தடைக்காலத்தில், ஜூன் தொடக்கத்தில் வந்தார்கள். அக்கா கையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. செப்டம்பருக்குப் பிறகு நான்தான் எழுதச் சொல்லியிருந்தேன். மே 4, மத்தியானம் தூங்கவில்லை. மே 11, கோயிலில் உட்கார்ந்தபடி கண்ணசந்தார், முந்தின ராத்திரி கரண்ட் போய் மிஷின் இல்லை. மே 19, எடை 91. மே 26, தன்னார்வலப் பெண் நாடியையும் பிடித்துப் பார்த்தார், 78. கோணல் எழுத்தில் பதினோரு பக்கம்.

அவர் வழக்கம்போல் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இருக்கட்டும் அண்ணே" என்றேன். நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்து முடித்து, அவர் மணிக்கட்டை ஒரு முழு நிமிடம் பிடித்திருந்துவிட்டு, அப்புறம் கார்டைச் செருகினேன்.